அரைக் கட்டை மேலே

பழைய இசைத்தாளில் பென்சில் எழுத்து இருந்தால் அதை எடுக்க ரப்பரைத் தொடாதீர்கள். ரப்பர் எழுத்தோடு தாளின் தோலையும் உரித்துவிடும். முந்தின நாள் ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருண்டை பிடித்து, அவசரப்படாமல் ஒரே பக்கமாக உருட்டினால் போதும். கறுப்பெல்லாம் ரொட்டியில் ஏறிக்கொள்ளும். அச்சு அப்படியே இருக்கும். பர்பாங்கில் இத்தனை வருடம் கடை வைத்திருக்கிறேன், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரோவீனா, உங்கள் அம்மாவின் பெட்டியில் ஒரே ஒரு தாளை மட்டும் காணவில்லை என்று காலையில் சொன்னீர்கள். அது தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. மிகச் சுத்தமாக இருக்கிறது.

ஃப்ரெஸ்னோவிலிருந்து வந்து, தாயை அடக்கம் செய்து, வீட்டைக் காலிசெய்கிற அலைச்சலுக்கு நடுவில் எனக்காக ஒரு ஆப்ரிகாட் கேக் சுட்டு எடுத்து வந்திருக்கிறீர்கள். "அம்மாவுக்குக் கடைசி காலத்துல உங்களை விட்டா யாரு இருந்தா, மிஸ்டர் ஹாஸ்கெல்" என்றீர்கள். கேக்கை மேஜையில் வைத்தேன். இன்னும் வெட்டவில்லை. வெட்ட மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இதைக் கேட்டு முடித்ததும் நீங்களே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம், நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டீர்கள். "அந்தப் படத்துல பாடினது அம்மாதானா? சின்ன வயசுல என்கிட்ட ரகசியமா சொல்லியிருக்காங்க. ஆனா கடைசியில அவங்களே, தெரியலடி, கனவா இருக்கும்னு சொல்லிட்டாங்க." மாலையில் வாருங்கள், சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன். ஆமாம். உங்கள் அம்மாதான் பாடினார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் குரல்தான். அது அவருக்கே தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

அதோ அந்தச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது 'செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை' படத்தின் பாட்டுத்தாள். 'இன்னும் ஒரு தெரு தள்ளி'. அட்டையில் ட்ராம் ஜன்னலிலிருந்து தொப்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்க்கிறாரே, அவர்தான் படத்தின் நாயகி கோரலி டெவன். படம் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. பேக்கர்ஸ்ஃபீல்டில் அப்பா இல்லாத வீடு. சில்லறைக் கடைகளில் அப்போதெல்லாம் இசைத்தாள் விற்கிற இடத்தில் ஒரு பெண் பியானோ முன் உட்கார்ந்திருப்பாள். கேட்கிற தாளை வாசித்துக் காட்டுவாள். அவளைத் திரும்பத் திரும்ப அதையே வாசிக்கச் சொல்லி, அவள் "வாங்குறியா, இல்ல என் விரலை ஒடிக்கப் போறியா" என்று கத்திய பிறகுதான் வாங்கினேன். அந்தத் தாளை வைத்துத்தான் பியானோவே கற்றேன். பிறகு போர் வந்தது, கப்பலில் போனேன், காயப்பட்டேன், ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே அந்தப் பாட்டை நினைத்துக்கொண்டேதான் கிடந்தேன். அந்த முகமும் அந்தக் குரலும் எனக்கு ஒரே ஆள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்போதும் கடை திறக்குமுன் தினமும் ஒருமுறை அதை வாசிப்பேன். எழுதியிருக்கிற இரண்டரைக் கட்டைச் சுருதியிலேயே வாசிப்பேன். இன்று காலைகூட வாசித்தேன்.

உங்கள் அம்மா என் வாடிக்கையாளர். மழை இல்லாத நாளிலும் தலையில் பிளாஸ்டிக் குல்லாய் கட்டிக்கொண்டு வருவார். பியானோ படிக்கிற பிள்ளைகளுக்குத் தாள் தேடுவார். ஓரம் கிழிந்திருந்தால் என் மூக்குக்கு நேரே பிடித்து, "இதை என்ன, எலிகிட்ட இருந்து வாங்கினீங்களா?" என்பார். நான் சிரிக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால், அவரை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கோரலி எட்டிப் பார்க்கும் அந்தச் சுவருக்கு நேர் கீழே பல வருடம் நின்று அவர் தாள் பொறுக்கியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஸ்டுடியோ ஒப்பந்தத்தில் வாய் திறக்கக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ஸ்டுடியோவை இடித்து அங்கே வீடு கட்டி விற்ற பிறகும் அவர் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு எங்கள் இசைத்தாள் சேகரிப்போர் சங்கம் கோரலிக்கு ஒரு விழா எடுத்தது. க்ளென்டேல் தேவாலயக் கூடத்தில், ஞாயிறு மதியம், வழக்கமான மீன் சாண்ட்விச், பச்சை ஜெல்லி. உறுப்பினர்கள் வீட்டிலிருக்கிற தாளையெல்லாம் கொண்டுவருவார்கள், கோரலி அட்டையில் கையெழுத்துப் போடுவார். கடைசியில் உங்கள் அம்மா அந்தப் பாட்டைப் பாட வேண்டும், நான் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நிகழ்ச்சிச் சீட்டில் 'பாடுபவர்: உள்ளூர் ஆசிரியை லூயெல்லா ப்ரிக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தது. அந்த ஏற்பாடு யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. எனக்கே விளங்கவில்லை.

ஒத்திகைக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். பியானோமேல் அவருடைய சொந்தத் தாளை விரித்து வைத்திருந்தார். ஸ்டுடியோவில் பதிவுக்குக் கொடுத்த தாள், அட்டை கிடையாது. முழுக்கப் பென்சில் எழுத்து, இசையமைப்பாளரின் கையெழுத்து. 'லூ, இங்கே மூச்செடு.' 'லூ, இந்த எழுத்தை நீட்டாதே, கோரலி இங்கே உதட்டை மூடிவிடுவாள்.' 'லூ, இங்கே சிரித்துக்கொண்டே பாடு, அவள் சிரிக்கிறாள்.' நான் அதைப் படித்துக்கொண்டே இருந்தேன்.

"அட, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்றார் உங்கள் அம்மா. "என் குரலுக்கு முகம் இல்ல, அவ முகத்துக்குக் குரல் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு முழுப் பொம்பளை. வாசிங்க மெர்வின்."

பாடும்போது அவர் பியானோவுக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்து நின்றார். ஏன் என்று கேட்டேன். பதிவு நடக்கும்போது பாடகி திரையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டுமாம், நடிகையின் உதட்டுக்குச் சரியாகப் பாட. பியானோ எப்போதும் முதுகுக்குப் பின்னால். வாசிப்பவர் எந்தச் சுருதியைக் கொடுக்கிறாரோ அதைக் கேள்வி கேட்காமல் பிடிக்க வேண்டும். சுருதியை இறக்குங்கள் என்று கேட்டவளை மறுமுறை கூப்பிட மாட்டார்களாம். "சிலருக்குக் காதுக்குள்ளேயே சுருதிப்பெட்டி இருக்கும். எனக்கு அந்த வரமெல்லாம் இல்ல. கொடுத்ததைப் பிடிப்பேன், அவ்வளவுதான் என் வித்தை" என்று சிரித்தார்.

பிறகு பாடினார். குல்லாய் கட்டிய, கால் வீங்கிய, அறுபதைத் தாண்டிய ஒரு பெண்ணின் வாயிலிருந்து என் பதினாறு வயது வெளியே வந்தது. ஒரு இழை குறையவில்லை. 'இன்னும் ஒரு தெரு தள்ளி இருந்தால் இன்னும் கொஞ்சம் உன்னோடு நடப்பேனே' என்று மேலே ஏறுகிற இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தேவலையா?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? வாழ்நாள் முழுக்க நேசித்த குரல், கைக்கெட்டும் தூரத்தில், மிட்டாய் எடுத்துக்கோங்க என்று கிண்ணத்தை நீட்டுகிறது. எனக்கு வந்தது கோபம். யாரோ என் வீட்டுக்குள் புகுந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டு, பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் குல்லாயை வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. இவர் மேடையில் ஏறி இதேபோல் பாடினால் கூடத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் விளங்கிவிடும். முன்வரிசையில் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்திருக்கிற கோரலி எல்லார் எதிரிலும் கூனிக்குறுகிப் போவார். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் உதவியது.

அடுத்த ஒத்திகையில் சுருதியை அரைக் கட்டை ஏற்றினேன். தாளில் இருப்பது இரண்டரை. என் விரல்கள் வாசித்தது மூன்று. பார்த்த தாளைப் பார்த்தபடியே வேறு சுருதிக்கு மாற்றி வாசிப்பது எங்களைப் போன்றவர்களுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவுவது மாதிரி. அவர் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தார். மேலே ஏறுகிற இடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது.

"இன்னைக்கு என்னமோ ஏணி உயரமா இருக்கே" என்றார். எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தார். புழுக்கத்தைத் திட்டினார். முந்தின நாள் தின்ற வறுத்த கோழியைத் திட்டினார். தன் வயதைத் திட்டினார். என்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"வேணும்னா சுருதியை இறக்கட்டுமா, லூயெல்லா?" என்று கேட்டேன். என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"என்னைக் கேவலப்படுத்தாதீங்க. அன்னைக்கு எந்தச் சுருதியில பாடினேனோ அதுலதான் பாடுவேன். இல்லன்னா நான் எதுக்கு?"

விழா வரும்வரை மூன்றிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் தொண்டையை இறுக்கி அவர் அதை எட்டினார். எட்ட எட்டத் தொண்டை புண்ணானது. பேசும்போதே குரல் கரகரத்தது. நான் அக்கறையாகப் பேசாமல் இருங்கள் என்று சொல்லி, இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். நான் கொடூரமான ஆள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் மனப்பூர்வமாக மறுத்திருப்பேன்.

அந்த ஞாயிறு அவர் பச்சைக் கவுன் போட்டு வந்தார், முடியைச் சுருட்டியிருந்தார். நீங்கள் வரவில்லை. உங்களுக்கு அழைப்பு அனுப்பவே வேண்டாம், முடிந்த பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்துகிறேன் என்றாராம். மேடையிலும் பழக்கம் விடாமல் எனக்கு முதுகு காட்டித்தான் நின்றார். நான் மூன்றையும் தாண்டி, நாலு கட்டையில் சுருதி கொடுத்தேன். ஒரு கணம் அவர் தோள் விறைத்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் ஸ்டுடியோவில் வளர்ந்தவர். கொடுத்ததைப் பிடித்தார்.

ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. வெறும் பிசிறு என்றால் பரவாயில்லை. பழைய கதவு கிறீச்சிடுகிற சத்தம் வந்தது, அதன்பின் வெறும் காற்று. பின்வரிசையில் ஒரு ஆள் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். உங்கள் அம்மா மிச்சத்தைக் கிட்டத்தட்டப் பேசியே முடித்தார். கைதட்டினார்கள். அது எப்படிப்பட்ட கைதட்டல் என்று உங்களுக்குத் தெரியும், பள்ளி நாடகத்தில் வசனம் மறந்த குழந்தைக்குக் கிடைப்பது. சங்கத் தலைவரின் மனைவி அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "பாவம், இந்த வயசுல இவ்வளவு துணிச்சலா!" என்றார்.

முன்வரிசையில் கோரலி நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்த ஏற்பாடு யாருடையது என்று சொல்ல வேண்டும். கோரலியுடையது. விழாவுக்கு முன்பு ஒரு மதியம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இந்தக் கடைக்கு அவரே வந்தார். இதோ, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலில்தான் உட்கார்ந்தார். "கண்ணு, அந்தப் பாட்டை நான் பாடல. ஒரு பொண்ணு பாடினா. லூன்னு கூப்பிடுவோம். இந்தப் பக்கம்தான் எங்கேயோ பியானோ சொல்லிக் கொடுக்கிறாளாம். அவளைப் பாட வை. அவ பாடி முடிச்சதும் நான் எழுந்து எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். சொல்லாம சாக எனக்கு மனசில்ல" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சரி என்றேன். அப்போது அது யாரோ ஒரு லூ; ஆளைத் தேடிப் பிடித்து முகவரி தந்தது சங்கத்தார், என் வாடிக்கையாளரின் பெயரை நான் கேட்டதே இல்லை. அந்தக் குல்லாய்தான் லூ என்று ஒத்திகையன்றுதான் தெரிந்தது.

ஆகவே கோரலியைக் காப்பாற்றினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவர் கூனிக்குறுக வரவில்லை, தலை நிமிரத்தான் வந்தார். அது எனக்கு முதலிலேயே தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் அழுதார். "இப்போ போய்ச் சொன்னா அவளைத்தான் சிரிப்பாங்க, கண்ணு. இந்தக் குரலாடா அந்தக் குரல்னு. வேணாம், விட்டுடு." அந்தக் குளிர்காலம் முடியுமுன் அவர் இறந்துபோனார். பத்திரிகைகளில் அவருடைய குரலைப் பற்றி நிறைய எழுதினார்கள்.

உங்கள் அம்மா பிறகு பாடவில்லை. வியாழக்கிழமைகளில் நான் சூப் வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அது பரிகாரம் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் என்னை நல்ல மனிதர் என்றார்கள். குற்றம் என்றால் இதுதான் என்று அப்போதுதான் அறிந்தேன். அது எங்கேயும் போகாது. கூடவே வந்து, எதிரே உட்கார்ந்து, நன்றி சொல்லும்.

ஒரு வியாழன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "மெர்வின், நிஜமாவே நான்தானா பாடினேன்? அந்தப் படத்தை டிவியில போட்டாங்க. அப்படிப் பாடின தொண்டை, வயசானாலும், அன்னைக்கு அந்த மாதிரி கத்துமா?"

ஒரே வார்த்தை போதும். ஆமாம் என்றால் போதும். அடுத்த கேள்வி, பிறகு ஏன் உடைந்தது என்பதாக இருக்குமோ என்று பயந்தேன். "ஞாபகம் சில சமயம் ஏமாத்தும், லூயெல்லா" என்றேன்.

"அந்தத் தாள் உங்ககிட்டதானே இருக்கு? அதுல என் பேரு எழுதியிருக்கும். கொண்டு வாங்களேன், பார்க்கலாம்" என்றார். விழா முடிந்ததிலிருந்து அது என் பையிலேயே இருந்தது. அடுத்த வியாழன் கொண்டுபோனேன். அதற்குமுன் சுத்தம் செய்தேன். எப்படி என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஒரு முழு ரொட்டி செலவானது. மூச்செடு, நீட்டாதே, சிரித்துக்கொண்டே பாடு, ஒவ்வொரு லூவும் போனது. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்கூடப் பள்ளம் தெரியாத அளவுக்குக் கவனமாகச் செய்தேன்.

உங்கள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். எழுத்து இருந்த இடங்களில் விரலால் தடவினார். அந்த இடங்கள் எல்லாமே அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தன. பிறகு மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். "கனவுதான் போலிருக்கு. நல்ல கனவு. வெச்சுக்கோங்க" என்றார். கேலியில்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

போன மாதம், அவர் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு கடைசி ஆசை வந்தது. "ஒரே ஒரு தடவை பாடிப் பார்க்கிறேன். யாரும் கேக்க வேண்டாம், நீங்களும் காதைப் பொத்திக்கோங்க. வந்துச்சுன்னா, அது நான்தான்னு நான் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்றார். தொண்டை ஆறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஜன்னலைப் பார்த்து நின்றார். கோரலி உயிரோடு இல்லை. சங்கம் இல்லை, கூடம் இல்லை, காப்பாற்ற வேண்டியவர் என்று ஒருவரும் இல்லை. தாளை விரித்தேன். சுருதி கொடுத்தேன்.

ஏறுகிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். "பாருங்க, வரல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் குனிந்து பார்த்தபோது என் விரல்கள் நாலு கட்டையில் இருந்தன.

மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ரோவீனா. நீங்கள் எங்கே அழைத்தாலும் வந்து சொல்கிறேன். ஆனால் இதை மட்டும் நம்புங்கள். பாட்டை அந்த நாலு கட்டையிலேயே வாசித்து வாசித்துப் பழகிப்போய்விட்டது. அன்றைக்கு நான் வேண்டுமென்று செய்யவில்லை.